பேசாத வானொலியும் காணாமற்போன ஐம்பது மில்லி ஆம்பியரும்

உங்கள் வீட்டு வானொலிப்பெட்டி கேட்க மட்டுமே தெரிந்தது. நிலையம் பேசும்; நீங்கள் கேட்பீர்கள். உங்களால் பதில் பேச முடியாது. ஆனால் உலகெங்கும் பதில் பேசும் வானொலியைத் தம் வீட்டு மேசைமேல் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அமெச்சூர் வானொலியாளர் அல்லது ஹாம் என்று பெயர். அவர்கள் வைத்திருக்கும் கருவி அலைகளை அனுப்பவும் வாங்கவும் வல்லது. அதனை டிரான்சீவர் என்பர்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கித் தொலைபேசித் தொடர்புகளைத் துண்டித்தது. அப்போது ஹாம் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் தம் கருவிகளின் வழியே தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்திகளைக் கடத்தினர். அத்தகைய வேளையில் கருவி பழுதானால் கடைக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஆகவேதான் தம் கருவியைத் தாமே பழுது பார்க்கத் தெரிந்திருப்பது ஹாம்களிடையே ஒரு கடமையாகவே கருதப்படுகிறது.

பழுது பார்ப்பது கைத்திறன் என்று பலர் நினைக்கின்றனர். முக்கால் பங்கு அது சிந்தனைத் திறன். இதனை நான் ஒரு கருவியை ஒருமுறை கெடுத்த பிறகே கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். அதற்கு முன் கருவியின் உட்புறத்தைப் பார்த்துவிடுவோம்.

கருவியின் உள்ளே

ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்ற ஹாம், 2003-ஆம் ஆண்டில் பிட்எக்ஸ் என்னும் டிரான்சீவரின் வரைபடத்தை வெளியிட்டார். விலையுயர்ந்த அயல்நாட்டு உறுப்புகள் இல்லாமல், சாதாரண டிரான்சிஸ்டர்களையும் டையோடுகளையும் கொண்டு யாரும் அதனைக் கட்டலாம். தண்ணீர்க் குழாய்க்கான வாஷரின்மீது கம்பி சுற்றிக் கம்பிச்சுருள் செய்துகொள்ளலாம் என்றும் வழி காட்டியிருந்தார். அந்த வழியில் வந்த, 7 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கருவி ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

கேட்கும்போது என்ன நடக்கிறது? ஏரியலில் பட்ட 7 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு கலப்பியை அடைகிறது. அங்கே, கருவிக்குள்ளேயே அலையியற்றி உண்டாக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் அலையோடு அது கலக்கிறது. 7-உம் 5-உம் சேர்ந்தால் 12 அல்லவா? அந்த 12 மெகாஹெர்ட்ஸ் அலை பெருக்கப்பட்டு, குவார்ட்ஸ் படிகங்களால் ஆன வடிப்பானின் வழியே செல்கிறது. வேண்டாத நிலையங்கள் அங்கே தடுக்கப்படுகின்றன. பிறகு இரண்டாவது கலப்பி. அங்கே 12 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் மற்றோர் அலையியற்றியோடு சேர்ந்து, வித்தியாசமாகிய பேச்சொலி பிரிந்து வருகிறது. ஒலிப்பெருக்கி அதனை வலுவாக்கி ஒலிபெருக்கிக் கூம்புக்கு அனுப்புகிறது.

பேசும்போது இதே பாதை தலைகீழாகிறது. மைக்கில் தொடங்கிய ஒலி, கலப்பி, படிக வடிப்பான், கலப்பி என்று பின்னோக்கி நடந்து 7 மெகாஹெர்ட்ஸ் அலையாகிறது. அதன் பின் அது மூன்று படிகளில் வலுப்பெறுகிறது: முன்பெருக்கி, இயக்குபெருக்கி, கடைநிலைப் பெருக்கி. கடைநிலையில் ஐஆர்எஃப் 510 என்னும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஏறக்குறைய 6 வாட் திறனை ஏரியலுக்குத் தருகிறது.

இதில் ஓர் உண்மையைக் கவனியுங்கள். இரு கலப்பிகள், இரு அலையியற்றிகள், படிக வடிப்பான் ஆகியவை இரு வழிக்கும் பொது. கருவி நன்றாகக் கேட்கிறது, ஆனால் பேசவில்லை என்றால், இந்தப் பொது உறுப்புகள் அனைத்தும் நலமாக உள்ளன என்று பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஒரு திருகாணியையும் தொடாமல் பாதிக் கருவியைச் சோதித்துவிட்டோம்!

பாதி பாதியாகப் பிரித்தல்

கருவியை எட்டுப் பகுதிகளாகக் கொள்வோம். எது பழுது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஏழு சோதனைகள்கூடத் தேவைப்படலாம். நடுவில் சோதித்தால்? நான்காம் பகுதி வரை அலை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பழுது பின்பாதியில், வராவிட்டால் முன்பாதியில். மிஞ்சுவது நான்கு. அதையும் நடுவில் பிரித்தால் இரண்டு. மறுபடியும் பிரித்தால் ஒன்று. மூன்றே சோதனைகள்! 2 × 2 × 2 = 8 என்னும் கணக்குத்தான் இது.

கருவி கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழின் நடு முனையை ஒரு திருப்புளியின் நுனியால் தொடுங்கள். திருப்புளியின் உலோகத்தில் உங்கள் விரல் படட்டும். ‘உர்ர்’ என்ற ஒலி கேட்டால், அதற்குப் பின்னுள்ள ஒலிப்பெருக்கி நலம். பழுது முன்பக்கம். அந்த ஒலி எங்கிருந்து வந்தது? வீட்டு மின்கம்பிகளைச் சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தை உங்கள் உடலே ஏரியல் போல வாங்கித் தருகிறது.

அலையியற்றி வேலை செய்கிறதா என்று அறிய, சிற்றலை உள்ள சாதாரண வானொலிப்பெட்டியே போதும். அதனைக் கருவியின் அருகில் வைத்து 12 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். பேச்சில்லாத வெற்றலை அங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

தொடங்குமுன் நினைவில் வைக்க வேண்டியவை

முதலாவது: அலை அனுப்புவதற்கு அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் உரிமம் உள்ளவரின் அருகிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது: 12 வோல்ட் மின்கலம் உடலுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அதன் இரு முனைகளும் தவறுதலாக இணைந்தால் கம்பி பழுக்கச் சிவந்துவிடும். ஆகவே 3 ஆம்பியர் உருகி கட்டாயம் வேண்டும். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் மின்வழங்கிப் பெட்டியையும், பல நூறு வோல்ட் கொண்ட பழைய வால்வுக் கருவிகளையும் நீங்கள் திறக்கவே கூடாது.

மூன்றாவது: ஏரியல் இல்லாமல் அனுப்பும் பொத்தானை அழுத்தக் கூடாது. வெளியே செல்ல வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து கடைநிலை டிரான்சிஸ்டரைத் தாக்கும். சோதனையின்போது ஏரியலுக்குப் பதிலாகப் போலிச்சுமை ஒன்றை இணைக்க வேண்டும். அது 50 ஓம் மின்தடையே. 1000 ஓம், 1 வாட் கார்பன் மின்தடைகள் இருபதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 1000 ÷ 20 = 50 ஓம் ஆகும்; 20 வாட் தாங்கும். கம்பி சுற்றிய மின்தடை இதற்கு ஆகாது. அது கம்பிச்சுருளும் ஆகிவிடுவதால் உயர் அதிர்வெண்ணில் 50 ஓமாக நடந்துகொள்ளாது.

நான் செய்த தவறு

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். தனியாக வாழ்ந்தவர். நான் மேலே சொன்ன கருவியைத் தம் கையாலேயே கட்டியிருந்தார். நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் பல ஊர்களிலிருந்தும் பத்துப் பதினைந்து முதியவர்கள் கூடுவார்கள். பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக நலம் சொல்வார்கள். வராதவரை மற்றவர்கள் விசாரிப்பார்கள். அந்தக் காலைக் கூட்டத்தில் அவர் குரல் மார்கழி தொடங்கியதிலிருந்து கேட்கவில்லை.

“தம்பி, அவங்க கூப்பிடறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் பேசறதுதான் அவங்களுக்குக் கேக்கல. உடம்பு சரியில்லையோன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. அதையும் நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

நான் மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். கருவி நன்றாகப் பேசியது! மறுநாள் காலை மீண்டும் ஊமை. கருவியைப் பழுது பார்ப்பவர் ஒருவரும் நண்பகலில் பார்த்துவிட்டு, “கருவியில் ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குப் பொறுமை இல்லை. கடைநிலை டிரான்சிஸ்டர் பலவீனமாகியிருக்கும் என்று ஊகித்தேன். எந்த அளவும் எடுக்கவில்லை. புதிய ஐஆர்எஃப் 510 ஒன்றை வாங்கிவந்து மாற்றினேன்; பொத்தானை அழுத்தினேன். மின்னோட்டம் 2 ஆம்பியரைத் தாண்டியது. சில நொடிகளில் கருகிய வாடை.

நடந்தது என்ன? மாஸ்ஃபெட்டின் வாயில் முனையில் குறிப்பிட்ட அளவு வோல்ட் சேர்ந்த பிறகே அது மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கும். ஐஆர்எஃப் 510-இல் அந்த அளவு 2 வோல்ட்டாகவும் இருக்கலாம், 4 வோல்ட்டாகவும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். பழையதற்குப் பொருத்தமாக வைத்திருந்த வோல்ட் புதியதற்கு மிக அதிகமாகிவிட்டது. மாற்றுமுன் பிரீசெட் என்னும் சிறு மாறுமின்தடையைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்து, மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல உயர்த்தியிருக்க வேண்டும். நலமாயிருந்த உறுப்பைக் கழற்றி, புதிய உறுப்பையும் எரித்தேன். ஆசிரியர் கோபப்படவில்லை. “பழசை வச்சிருக்கீங்கல்ல? அதையே போடுங்க” என்று மட்டும் சொன்னார். பழையது மீண்டும் வேலை செய்தது. அதாவது அது ஒருபோதும் பழுதாகவே இல்லை.

நோய் வரும் நேரத்தில் செல்லுதல்

சில நேரம் தோன்றிச் சில நேரம் மறையும் பழுதே மிகக் கடினமானது. மாலையில் இல்லாத பழுதை மாலையில் தேடி என்ன பயன்? மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குச் சென்றேன். நல்ல குளிர். இம்முறை கையில் சால்டர் கோல் இல்லை. மல்டிமீட்டரும், போலிச்சுமையும், ஒரு மூங்கில் குச்சியும், ஒரு நோட்டுப் புத்தகமுமே இருந்தன. பொத்தானை அழுத்தும் பொறுப்பு உரிமம் உடைய ஆசிரியருக்கு.

முதல் அளவு: மின்கலம் 12.4 வோல்ட். பொத்தானை அழுத்தியபோது 12.2. ஆகவே மின்கலம் நலம்.

இரண்டாவது: பொத்தானை அழுத்தியதும் ரிலே ‘டிக்’ என்றது. ஆகவே பொத்தானும் ரிலேயும் நலம்.

மூன்றாவது: கேட்கும்போது மின்னோட்டம் 160 மில்லி ஆம்பியர். அழுத்திவிட்டுப் பேசாமல் இருக்கும்போது 330. பேசினால் மாற்றமில்லை, 330-இலேயே நின்றது.

330 என்பது சரியா, தவறா? எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் மூடியின் உட்புறம் கண்ணில் பட்டது. கருவியைக் கட்டிய நாளில் ஆசிரியர் ஒரு சிறு தாளில் அழகிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: ‘வாங்க 160. அனுப்ப, பேசாமல் 380. இதில் கடைநிலை 100, இயக்கு 50.’ முதல் நாள் நான் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தவன், அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது சிந்தியுங்கள். 380 இருக்க வேண்டிய இடத்தில் 330. ஐம்பது மில்லி ஆம்பியர் எங்கே போயிற்று?

மைக்கில் பழுது என்றால்? மைக் பெருக்கி ஓரிரண்டு மில்லி ஆம்பியரே எடுக்கும். அது நின்றுபோனாலும் 50 குறையாது. கடைநிலை நின்றிருந்தால் 100 குறைந்திருக்கும். சரியாக 50 எடுக்கும் உறுப்பு ஒன்றே ஒன்று: இயக்குபெருக்கி. ஒரு கழித்தல் கணக்கு நம்மை நேரே பழுதின் வாசலுக்கு அழைத்து வந்துவிட்டது.

ஓம் விதி சாட்சி சொல்கிறது

இயக்குபெருக்கி டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பானில் 10 ஓம் மின்தடை உள்ளது. 50 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் அதன் குறுக்கே 0.05 × 10 = 0.5 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டரின் முள் அசையவில்லை, சுழி. ஏற்பானில் ஏறக்குறைய 12 வோல்ட் இருக்க வேண்டும். அங்கும் சுழி!

ஏற்பானுக்கு மின்சாரம் ஒரு சிறு மின்மாற்றிச் சுருளின் வழியே வருகிறது. சுருளின் மேல்முனையைத் தொட்டேன்: 12.1 வோல்ட். கீழ்முனையில் சுழி. சில சுற்றுச் செம்புக் கம்பியின் மின்தடை 1 ஓமுக்கும் குறைவு. அதில் 50 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் இழப்பு 0.05 வோல்ட்டைத் தாண்டாது. ஒரு முனையில் 12, மறுமுனையில் சுழி என்றால் பொருள் ஒன்றுதான்: வழி அறுந்திருக்கிறது.

மூங்கில் குச்சியால் சுருளின் கீழ்க்காலை மெல்லத் தள்ளினேன். மீட்டரின் முள் துள்ளி 12-ஐத் தொட்டது. மின்னோட்டம் 380. குச்சியை எடுத்தேன், முள் விழுந்தது.

மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தோம். சால்டர் பளபளவென்று உருண்டையாக இருந்தது. ஆனால் அதன் நடுவில் நின்ற கம்பியில் எனாமல் பூச்சு முழுவதும் சுரண்டப்படவில்லை. சால்டர் கம்பியை அணைத்திருந்ததே தவிர, அதனோடு ஒட்டியிருக்கவில்லை. ஏதோ ஒரு மூலையில், ஊசிமுனை அளவு செம்பு மட்டும் அதனைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பகலில் ஏன் பேசியது? ஒரு மீட்டர் செம்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.017 மில்லிமீட்டர் நீளும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு சென்டிமீட்டர் கம்பிக்கால், 15 டிகிரி வேறுபாட்டில் 0.0025 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 400-இல் ஒரு பங்கே மாறும். ஊசிமுனைத் தொடுகை விட்டுப்போக அது போதும். விடியற்காலைக் குளிரில் சுருங்கி விலகியது. வெயில் ஏறியதும் நீண்டு தொட்டது. கார்த்திகை வரை தெரியாத பழுது மார்கழியில் தெரிந்ததன் காரணமும் இதுவே.

கம்பியைக் கழற்றி, எனாமலைக் கத்திமுனையால் சுற்றிலும் சுரண்டி, முதலில் கம்பிமீது மட்டும் சால்டரைப் பூசி, அது முழுவதும் வெள்ளியாக மின்னிய பிறகு மீண்டும் பொருத்தினோம். பத்து நிமிட வேலை. புதிய உறுப்பு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

சரியாயிற்று என்று எப்படி அறிவது?

கருவி பேசுகிறது என்று மகிழ்ந்து எழுந்துவிடக் கூடாது. அளந்து உறுதி செய்ய வேண்டும். போலிச்சுமையின் மேல்முனையில் ஒரு 1என்4148 டையோடின் நேர்முனையை இணையுங்கள். அதன் மறுமுனைக்கும் தரைக்கும் இடையே 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வையுங்கள். மின்தேக்கியின் குறுக்கே வோல்ட்டை அளந்தால் அலையின் உச்ச மதிப்பு கிடைக்கும். ஆசிரியர் மைக்கில் நீளமாகச் சீட்டியடித்தபோது மீட்டர் 24.4 வோல்ட் காட்டியது. டையோடில் இழந்த 0.6-ஐச் சேர்த்தால் 25. திறன் என்பது உச்ச வோல்ட்டின் இருமடியை மின்தடையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது: 625 ÷ 100 = 6.25 வாட். கருவி கட்டிய நாளில் இருந்த திறன் இருந்தது.

மணி ஆறரை ஆகிவிட்டது. போலிச்சுமையை எடுத்துவிட்டு ஏரியலை இணைத்தோம். காலைக் கூட்டம் தொடங்கியிருந்தது. தம் முறை வரும் வரை ஆசிரியர் காத்திருந்தார். பிறகு பொத்தானை அழுத்தித் தம் அழைப்பெழுத்துகளைச் சொன்னார். கையை எடுத்தார். ஒரு நொடி இரைச்சல் மட்டும் கேட்டது. அடுத்து மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியதில் ஒருவர் சொன்னதும் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே ஒலியைக் கொஞ்சம் குறைத்தார்.

நான் மூடியைத் திருகுமுன், உட்புறத் தாளில் அன்றைய தேதியிட்டு ஒரு வரி எழுதினேன்: ‘இயக்குபெருக்கிச் சுருள், கீழ்க்கால், எனாமல்.’ அடுத்து இந்த மூடியைத் திறப்பவருக்கு அது உதவும். நீங்களும் ஒரு கருவியை முதலில் தொடும்போது, அது நலமாக இருக்கும் நாளிலேயே அதன் அளவுகளை எழுதி வையுங்கள். நலத்தின் அளவு தெரியாதவருக்கு நோயின் அளவும் தெரியாது.

செய்து பாருங்கள்

1. எனாமல் பூசிய செம்புக் கம்பித் துண்டுகள் இரண்டை எடுங்கள். ஒன்றின் முனைகளை நன்றாகச் சுரண்டுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். ஒரு டார்ச் மின்கலம், சிறு பல்பு ஆகியவற்றோடு ஒவ்வொன்றையும் இணைத்து, பல்பு எரிகிறதா என்று பாருங்கள்.

2. உங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் வானொலி மின்கலத்தில் இயங்கும்போது, ஒலியைக் குறைத்தும் கூட்டியும் அது எடுக்கும் மின்னோட்டத்தை அளந்து எழுதி வையுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கருவியை 32 பகுதிகளாகப் பிரித்தால், பாதி பாதியாகச் சோதிக்கும் முறையில் அதிக அளவு எத்தனை சோதனைகள் தேவைப்படும்?

2. ஆசிரியரின் கருவியில் மின்னோட்டம் 330-க்குப் பதிலாக 280 ஆக இருந்திருந்தால், முதலில் எந்த உறுப்பை ஐயுறுவீர்கள்? ஏன்?

3. கருவி பேசுகிறது, ஆனால் எதையும் கேட்கவில்லை. திருப்புளியால் தொட்டால் ‘உர்ர்’ ஒலியும் வருகிறது. எந்தெந்தப் பகுதிகளைப் பெட்டி திறக்காமலே நலம் என்று ஒதுக்கலாம்?